நண்டு வண்டிக்கு எதற்கு ஹீட்டர்

மகனுக்கு,

நீ நலமா என்று கேட்கப் போவதில்லை. நலமாகத்தான் இருப்பாய். பெற்றவரை வீட்டு மூலையில் முடக்கிப் போட்டுவிட்டு, மாமியார் வீட்டு மாடியில் ஃபேன் காற்றில் தூங்குகிறவனுக்கு என்ன குறை வந்துவிடும்? "ஞாயித்துக்கிழம காயலான் கடைக்காரர இட்டுக்கினு வரேன், வண்டிய கழுவி வைங்க" என்று போனில் அனுப்பியிருந்தாய். கூடவே கும்பிடு போடுகிற கை பொம்மை ஒன்று. விற்கப்போவது உன் வண்டி மாதிரியும், எங்களுக்கு ஏதோ நல்லது செய்கிற மாதிரியும் ஒரு கும்பிடு. அதைப் பார்த்ததும் எனக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை பற்றிக்கொண்டு வந்தது. போனில் பதில் சொன்னால் பாதியிலேயே "சிக்னல் இல்லம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் தாளில் எழுதுகிறேன். எட்டாவது வரை படித்தவள் எழுத்து, கோணல்மாணலாகத்தான் இருக்கும். கடைசி வரி வரைக்கும் படி. படித்துவிட்டு மடித்துப் பையில் வைத்துக்கொள்ளாதே, உன் பெண்டாட்டி தேவகியிடமும் கொடு. இதில் அவளுக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை.

முதலில் ஒரு சேதி. நீ கழற்றி எறிந்த ஹீட்டரையும் ப்ளோவரையும் வண்டியில் திரும்ப மாட்டியாகிவிட்டது. இரண்டும் ஓடுகின்றன. வண்டி விற்பனைக்கு இல்லை. இதை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அந்த வண்டி இன்னும் வீட்டு வாசலில்தான் நிற்கிறது, ஓட்ட வேண்டிய உன் நைனா அதைத் திரும்பிப் பார்க்க மாட்டேன் என்கிறார். அது ஏன் என்று உனக்கும் தெரியும், எனக்கும் இப்போது தெரியும். அவருக்கு மட்டும்தான் தெரியாது.

அந்த வண்டியை உன் நைனா குன்னூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட்காரரிடம் வாங்கிவந்தபோது நீ சின்ன வகுப்பில் படித்துக்கொண்டிருந்தாய். மலையில் ஓடிய வேன். டாஷ்போர்டுக்குக் கீழே பெட்டி மாதிரி ஒரு ஹீட்டர், அதை ஒட்டி ஒரு ப்ளோவர். டச்சுக்காரன் கல்லறை மதில் ஓரமாக வண்டியை நிறுத்தியபோது நம் ஊர் கோட்டைக்குப்பமே கூடி நின்று சிரித்தது உனக்கு நினைவிருக்கும். "இன்னா நைனா, ஹீட்டர் வண்டியா? குளிர் நாட்லேர்ந்து வந்த டச்சுக்காரனே இங்க வேர்த்துக் கொட்டி மண்ணுக்குள்ள போய்ட்டான், உனக்கு எதுக்குய்யா ஹீட்டரு?" என்று ஒருத்தர் கேட்க, எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். உன் நைனாவும் சேர்ந்துதான் சிரித்தார். சிரித்துக்கொண்டே, "ஐப்பசி வரட்டும், அப்ப தெரியும்" என்றார்.

ஐப்பசி வந்தபோது தெரிந்தது. நண்டு வியாபாரம் என்றால் என்ன என்று உனக்குச் சொல்லவேண்டியதில்லை, அதில் வந்த சோற்றைத் தின்றுதான் வளர்ந்தாய். ஆனால் துறைமுகத்து வேலைக்குப் போனதிலிருந்து உனக்கு நிறைய மறந்துவிட்டது, அதனால் சொல்கிறேன். நண்டு உயிரோடு போய்ச் சேர்ந்தால்தான் நண்டு, செத்தால் குப்பை. கால் கட்டிய நண்டைக் கூடையில் அடுக்கி, ஏரித் தண்ணீரில் நனைத்த சாக்கைப் போர்த்தி, வண்டியில் எல்லா ஜன்னலையும் ஏற்றிவிட வேண்டும். ஓடுகிற வண்டியில் காற்று நேராக அடித்தால் நண்டு வாயில் நுரை தள்ளிப் போய்விடும். ஜன்னலை ஏற்றினால் மழை நாளில் ஈரச் சாக்கின் ஆவியும் எங்கள் மூச்சும் சேர்ந்து முன்கண்ணாடியின் உள்பக்கம் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்துவிடும். மற்ற நண்டு வண்டிக்காரர்கள் ஒரு கையில் ஸ்டீரிங், ஒரு கையில் துணி என்று உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டினார்கள். நம் வண்டியில் இஞ்சினின் சுடுதண்ணீர் இரண்டு ரப்பர் ஓஸ் வழியாக அந்தப் பெட்டிக்குள் வந்து போகும், ப்ளோவர் அந்தச் சூட்டைக் கண்ணாடி மேல் ஊதும், கண்ணாடி பளிச்சென்று ஆகிவிடும். சூடு நண்டுப் பக்கம் போகக் கூடாது என்று கால் பக்கம் காற்று வருகிற வாயைச் சாக்குத் துணியால் அடைத்துவைத்தார் உன் நைனா. வெளியே மழை கொட்டும், உள்ளே நாங்கள் இரண்டு பேரும் வேர்த்து ஒழுகுவோம். நான் பக்கத்தில் துணியோடு உட்கார்ந்து, ஓரத்தில் மிச்சம் இருக்கிற ஆவியைத் துடைப்பேன், அப்படியே அவர் நெற்றியையும் துடைப்பேன். அந்தத் துணிக்கு வேலை அவ்வளவுதான்.

நீ லீவு நாளில் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து வருவாய். வண்டி கிளம்பிச் சூடாகும் வரைக்கும் கண்ணாடி வெள்ளையாக இருக்குமே, அதில் விரலால் படகு வரைவாய். படகு, பாய், பக்கத்தில் ஒரு பெரிய நண்டு. "ப்ளோவர போடாத நைனா, என் படகு பூடும்" என்று அழுவாய். கூடைக்காரர்கள் காத்திருப்பார்கள், பொன்னேரியில் நண்டு வாங்குகிற கம்பெனி லாரி கிளம்பிவிடும், அப்படியும் அந்த மனுஷன் வண்டியை எடுக்காமல் நிற்பார், நீ நண்டுக்குக் கடைசிக் கால் போட்டு முடிக்கிற வரைக்கும். அந்த வண்டியின் கதவில்தான் உன் வலது சுண்டுவிரல் நசுங்கியது. நீயே இழுத்துச் சாத்தி நீயே மாட்டிக்கொண்டது. பொன்னேரி ஆஸ்பத்திரி வரைக்கும் ஹாரனில் வைத்த கையை எடுக்காமல் ஓட்டினார். எலும்பு கூடியது, ஆனால் விரல் வெளிப்பக்கம் கோணிக்கொண்டு நின்றுவிட்டது. அந்த விரலைப் பற்றி மறுபடி சொல்வேன், நினைவில் வைத்துக்கொள்.

இந்த ஆவணியில் உன் கல்யாணம். ஊர்வலத்துக்கு வண்டியில் பாட்டுப் பெட்டி வேண்டும், பூமி அதிர வேண்டும் என்றாய். டாஷ்போர்டுக்குக் கீழே இடம் போதவில்லை. ஹீட்டருக்குப் போகிற இரண்டு ஓஸையும் பிடுங்கி, ஒன்றோடு ஒன்றைக் குழாய்த் துண்டால் சேர்த்துக் கட்டிவிட்டாய். ப்ளோவரைக் கழற்றி வெளியே போட்டாய். அந்த இடத்தில் உன் ஸ்பீக்கர் பெட்டி உட்கார்ந்தது. உன் நைனா தலையைச் சொறிந்துகொண்டு, "மழைக்கு முன்னாடி மாட்டிடுவல்ல?" என்று மட்டும் கேட்டார். "கல்யாணம் முடிஞ்ச மறுநாளே மாட்டிடறேன் நைனா, இன்னா பேஜார் இது" என்றாய். மறுநாளும் வந்தது, புரட்டாசியும் போனது. நீ பெண்டாட்டியோடு பொன்னேரிக்குக் குடிபோனாய். ஸ்பீக்கர் அங்கேயே இருந்தது. டிப்ளமா வாங்கிய கை உனக்கு. கழற்றும்போது மட்டும்தான் அந்தக் கை வேலை செய்தது.

ஐப்பசியில் நடந்ததைச் சொல்லாமல் முடியாது. தலை தீபாவளி முடிந்து எங்களைப் பார்க்க வந்தீர்கள். கிளம்புகிற அன்று காலை நல்ல மழை. நண்டு ஏற்றிக்கொண்டு நாங்களும் பொன்னேரிக்குத்தான் போகிறோம், வண்டியிலேயே வாருங்கள் என்றேன். தேவகி சரி என்று பையைக்கூட எடுத்தாள். நீதான் முகத்தைச் சுளித்தாய். "வண்டி கலீஜா கீது, பொடவையில நாத்தம் ஏறிடும், நாங்க பஸ்ஸுல போறோம்" என்று அவளை மழையில் இழுத்துக்கொண்டு முன்னால் நடந்தாய். நண்டு நாற்றம் உனக்கு எப்போதிலிருந்து ஆகாமல் போனது என்று அன்றே கேட்டிருப்பேன், புது மருமகள் முன்னால் வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டேன். பின்னாலேயே நாங்கள் வந்தோம். ஹீட்டர் இல்லை, ப்ளோவர் இல்லை. நான் துடைக்கத் துடைக்க வெளுக்கிறது. பஸ் நிற்கிற வளைவில் வண்டி ரோட்டு ஓரத்தை உரசிக்கொண்டு போயிற்று. தேவகி பயந்து பின்னால் குதித்து வாய்க்காலில் விழுந்தாள். நான் கதவைத் திறந்து ஓடி, அவளைத் தூக்கி, மணிக்கட்டு வீங்குவதைப் பார்த்து அங்கே வந்த ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். போகும்போது என் காதில் விழுந்தது, நீ வண்டிக் கதவைத் திறந்துகொண்டு, பஸ்ஸுக்கு நின்ற அத்தனை பேர் முன்னாலும், "யோவ், கண்ணு தெர்லன்னா எதுக்குய்யா வண்டி ஓட்ற?" என்று கத்தியது.

யோவ். உன்னைத் தோளில் வைத்து ஏரி முகத்துவாரம் வரைக்கும் நடந்த மனுஷனை யோவ் என்றாய். பெண்டாட்டி விழுந்த பதற்றம், வாய் தவறிவிட்டது என்று அன்றைக்கு நான் உனக்காக எனக்குள்ளேயே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அன்று வண்டியைத் திருப்பி வீட்டுக்கு ஓட்டிவந்தவன் நீ. உன் நைனா பின்னால் கூடைகளோடு தலையைக் குனிந்து உட்கார்ந்து வந்தாராம். தேவகியை ஆஸ்பத்திரியில் அவள் அம்மாவிடம் விட்டுவிட்டு நான் வீடு திரும்பியபோது நண்டு அவ்வளவும் நுரை தள்ளிச் செத்துக் கிடந்தது. நீ அவர் எதிரில் நின்று சொல்லிக்கொண்டிருந்தாய்: "நான்தான இப்ப ஓட்டிக்கினு வந்தேன்? எனக்கு எல்லாம் நல்லாதான தெரிஞ்சிது? கண்ணாடி மேல பழி போடாத நைனா. உன் கண்ணுதான் பூட்ச்சி. இனிமே வண்டிய தொடாத." நான் குறுக்கே வந்து, ஹீட்டரைப் பிடுங்கியது யார் என்று கேட்டேன். "உங்க ரெண்டு பேருக்கும் வயசாயிட்ச்சி, சொன்னா புரியாது" என்று சொல்லிவிட்டு, தேவகியைப் பார்க்கக் கிளம்பிவிட்டாய்.

நீ போனாய். நீ சொன்னது இங்கேயே தங்கிவிட்டது. அன்று சாவியை ஆணியில் மாட்டியவர்தான், தொடவில்லை. வண்டி மட்டும் என்றால் பரவாயில்லை. வீட்டுக்குள் சுவரைத் தடவிக்கொண்டு நடக்கிறார். தட்டில் சோறு வைத்தால் குனிந்து உற்றுப் பார்க்கிறார். தூரத்தில் வருகிற பஸ் எந்த ஊர் பஸ் என்று பக்கத்தில் நிற்பவரைக் கேட்கிறார். முழுக் கண்ணும் இருக்கிற மனுஷன் குருடனாகப் பழகிக்கொண்டிருக்கிறார். நான் விடாமல் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். டாக்டர் பார்த்துவிட்டு, படிப்பதற்கு மட்டும் ஒரு கண்ணாடி போடுங்கள், வண்டி தாராளமாக ஓட்டலாம் என்றார். வெளியே வந்ததும் உன் நைனா என்னிடம் சொன்னது: "அவரு ரூமுக்குள்ள லைட்டு போட்டு எழுத்து காட்றாருமே. என் புள்ள ரோட்ல பாத்து சொன்னான். அவன் படிச்சவன்."

படிச்சவன். நீ துறைமுக வேலைக்குச் சேர்ந்தபோது ஊர்க்கூட்டத்தில் என்ன நடந்தது என்று உனக்கு நாங்கள் சொன்னதே இல்லை. நம் கடலைத் தூர்க்கிறவனிடமே போய்ச் சம்பளம் வாங்குகிறானா உன் மகன் என்று ஆளுக்கு ஆள் எழுந்து கேட்டார்கள். உன் நைனா கைகட்டி நின்று எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, "அவன் படிச்சவன், யோசிக்காம செய்ய மாட்டான், அவன் சொன்னா சரியா இருக்கும்" என்றார். ஊரே எதிரில் நின்றபோது உன் பேச்சை நம்பியவர், உன் பேச்சைக் கேட்டுத் தன் கண்ணை நம்பாமல் போனார்.

சரி, அவர் தொட வேண்டாம், வண்டியையாவது சரிசெய்வோம் என்று நான் இறங்கினேன். எனக்கும் வேறு வழி இல்லை. ஈரச் சாக்கோடு பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் இறக்கிவிடுகிறார், நண்டுக் கூடை கொண்டுவருகிற பெண்கள் வேறு வண்டிக்காரரைத் தேடிப் போகிறார்கள். கொல்லைப்பக்கம் தேடினேன். ப்ளோவர், பழைய எறாக் கூடை ஒன்றில், தென்னை ஓலைக்கு அடியில் கிடந்தது. உள்ளே எறும்புப் புற்று. உப்புக் காற்றில் மோட்டார் துருப்பிடித்துச் சுற்றவே இல்லை. பக்கத்து வீட்டு ஏழுமலையை ஓட்டச் சொல்லி, ஜன்னல்களை இறக்கிவிட்டுக்கொண்டு பொன்னேரிக்குப் போனோம். மெக்கானிக் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "ஹீட்டரா? எம்மா, இந்த ஊர்ல ஹீட்டர் வேல செய்லன்னா சந்தோஷப்படணும். அப்டியே வுட்டுடு" என்றான். நண்டு, சாக்கு, ஆவி என்று நான் சொல்லச் சொல்லக் கொட்டாவி விட்டான். வேலையை முடிக்காமல் நான் நகர மாட்டேன் என்று கடை வாசலில் உட்கார்ந்த பிறகுதான் கையில் ஸ்பேனரை எடுத்தான்.

உன் ஸ்பீக்கரை முதலில் பிடுங்கினான். அது இப்போது கொல்லையில், ப்ளோவர் கிடந்த அதே எறாக் கூடையில் இருக்கிறது. மோட்டாரைப் பிரித்து, துருவைச் சுரண்டி, தேய்ந்த கார்பன் பிரஷ்ஷை மாற்றினான். சுற்றியது. நீ கட்டிவைத்த குழாய்த் துண்டை எடுத்துவிட்டு, இரண்டு ஓஸையும் ஹீட்டர் பெட்டியோடு சேர்த்தான். இஞ்சினை நன்றாகச் சூடாக்கிவிட்டுப் ப்ளோவரைப் போட்டால், ஜில்லென்று காற்று வருகிறது. இரண்டு ஓஸையும் தொட்டுப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான். போகிற ஓஸ் கொதிக்கிறது, திரும்புகிற ஓஸ் பச்சைத் தண்ணீர். உள்ளே அடைப்பு. மறுபடி எல்லாவற்றையும் கழற்றினான். பெட்டிக்குள் இருக்கிற குட்டி ரேடியேட்டர் முழுக்க உப்பு பாறை மாதிரி இறுகிக் கிடந்தது. "இன்னாம்மா, கடல் தண்ணியவா ஊத்துனீங்க?" என்றான். கடல் தண்ணீர் இல்லை, நம் தெருக் கைப்பம்புத் தண்ணீர். நம் ஊரில் எல்லாரும் செய்கிற தப்புதான் அது. ஆனால் நம் வீட்டில் உன் நைனா செய்ததில்லை, மழைத் தண்ணீரைக் கேனில் பிடித்துவைத்து அதைத்தான் ஊற்றுவார். நீ காலேஜ் லீவில் வண்டி ஓட்டிய நாளெல்லாம், கேனைத் தூக்கச் சோம்பல்பட்டுக்கொண்டு, பம்பை அடித்து உப்பை ஊற்றினாய். நீ ஓஸைப் பிடுங்கிய பிறகு உள்ளே நின்ற மிச்சத் தண்ணீரும் அப்படியே காய்ந்து உறைந்திருக்கிறது. ரேடியேட்டர் கடையில் ஆசிட் விட்டுக் கழுவினார்கள். கழுவினால் ஒரு மூலையில் ஒழுகியது, பற்றவைத்தார்கள். திரும்ப மாட்டி ஓடவிட்டால் சுடச்சுடக் காற்று முகத்தில் அடித்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. மெக்கானிக் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பான்.

வீட்டு வாசலுக்கு வந்ததும், நிஜமாகவே கண்ணாடி தெளிகிறதா என்று பார்க்க ஆசை. சாக்குகளை நனைத்து உள்ளே போட்டேன். ஜன்னல்களை ஏற்றிவிட்டு, இஞ்சின் ஓட, ப்ளோவரைப் போடாமல் ஸ்டீரிங் பக்கமே உட்கார்ந்துகொண்டேன். கண்ணாடி மெல்ல மெல்ல வெளுத்தது. வெளுக்கும்போது என் முகத்துக்கு நேராக ஒரு இடம் மட்டும் வெளுக்கவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு உள்ளங்கை. ஐந்து விரல். அழுத்தித் துடைத்து இழுத்த கை. சுண்டுவிரல் வெளிப்பக்கம் கோணிக்கொண்டு நின்றது.

அது உன் கைதான் என்று இந்த உலகத்தில் வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரியாதா? அந்த விரலுக்கு மூன்று வேளையும் எண்ணெய் தடவியவள் நான். கைப் பிசுக்கு ஒட்டிய இடத்தில் ஆவி பிடிக்காது, நீ போன பிறகு அந்தக் கண்ணாடியை யாரும் துடைக்கவும் இல்லை. நீ அன்று கதவைத் திறந்து கத்தினாயே, கத்திய வாயோடு உள்ளே ஏறி உட்கார்ந்தாய். எதிரில் ஒன்றுமே தெரியவில்லை. கையால் துடைத்தாய். துடைத்த கை அகலம் போதாமல் மற்ற இடமெல்லாம் வெளுத்திருக்கும், அதனால் ஜன்னல் எல்லாவற்றையும் இறக்கிவிட்டுக்கொண்டு ஓட்டிவந்தாய். நண்டு ஏன் செத்தது என்று அன்று எனக்குப் புரியவில்லை, இப்போது புரிந்தது. கண்ணாடியைத் துடைத்த ஈரம் கையில் காய்வதற்குள் உன் நைனா முன்னால் நின்று, எனக்கு எல்லாம் நன்றாகத் தெரிந்தது, உன் கண்தான் போய்விட்டது என்றாய்.

கைக்கட்டோடு என்னைப் பார்க்கத் தனியாக வந்த தேவகியிடம் கேட்டேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "அத்த, அன்னிக்கே அவரு என்கிட்ட சொன்னாரு. ஸ்பீக்கர கழட்டியிருக்கணும், கண்ணாடியில ஒண்ணுமே தெர்லன்னாரு. மாமாகிட்ட சொல்லிடுங்கன்னு நான் எத்தினியோ வாட்டி சொன்னேன். ஊரு முன்னாடி கத்திட்டேன், இப்ப போயி எப்டி மாத்தி சொல்றதுன்றாரு" என்றாள். வாய்க்காலில் விழுந்தவள் அவள். அவளுக்கு இருக்கிற நியாயம்கூட உனக்கு இல்லை. ஊர் முன்னால் உன் பேச்சு கெட்டுவிடக் கூடாது, அதற்காகப் பெற்றவரின் கண்ணைப் பிடுங்கிக்கொண்டாய். இப்போது வண்டியையும் காயலான் கடைக்கு அனுப்பிவிட்டால், அந்தக் கண்ணாடியும் போய்விடும், பேச்சு முடிந்துவிடும் என்று கணக்குப் போடுகிறாய்.

இதைத் தெரிந்துகொண்டவுடன் நான் நேராக அவரிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. உன் மேல் இரக்கப்பட்டு இல்லை. நான் சொன்னால் அவர் நம்ப மாட்டார், அதுதான் காரணம். நேற்று முன்தினம் மழையில் அவரைக் கட்டாயப்படுத்தி வண்டியில் ஏற்றினேன். ஏழுமலை ஓட்டினான். அவரை என் இடத்தில், பக்கத்து சீட்டில் உட்காரவைத்துவிட்டு நான் பின்னால் நண்டுக் கூடைகளோடு உட்கார்ந்துகொண்டேன். வண்டி சூடாகும் வரைக்கும் ஜன்னலை இறக்கியே நிற்கவைத்து, கண்ணாடி வெளுப்பதற்கு முன்னாலேயே ப்ளோவரைப் போடவைத்தேன், அவர் உன் கையைப் பார்த்துவிடக் கூடாது என்றுதான். அதை நீயே காட்ட வேண்டும். பழைய துணியைக் கையில் தயாராக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், துடைக்க ஒன்றும் வரவில்லை. கண்ணாடி ஏரித் தண்ணீர் மாதிரி தெளிவாக இருந்தது. அதே வளைவு தாண்டியதும் திடீரென்று, "ஏழுமல, ஆடு, ஆடு, லெப்ட்ல ஆடு!" என்றார். ஏழுமலை பிரேக்கை மிதித்தான். புதருக்குள்ளிருந்து குட்டியோடு ஆடு ரோட்டில் இறங்கியது. "எனக்கே தெர்லியே, உனக்கு எப்டி தெரிஞ்சிது?" என்று ஏழுமலை வாயைப் பிளந்தான். நான் பின்னாலிருந்து, "இப்ப இன்னா சொல்ற? உன் கண்ணுக்கு இன்னா கேடு? வந்து ஸ்டீரிங்க புடி" என்றேன். அவர் துணியை மடித்து மடியில் வைத்துக்கொண்டு ரோட்டையே பார்த்தார். "ஆடு தெரிஞ்சிதுமே. மருமவ தெர்லியே" என்றார்.

அதற்கு மேல் நான் என்ன செய்ய? மோட்டாரில் துரு இருந்தது, சுரண்டியாயிற்று. பெட்டியில் உப்பு இருந்தது, கழுவியாயிற்று. உன் நைனாவுக்குள் நீ அடைத்துவைத்ததை எந்த மெக்கானிக்கிடம் கொண்டுபோவேன்? கல்யாணம் ஆகிவிட்டது, நாளைக்குப் பிள்ளை பெறப் போகிறாய், அதனால் ஒன்று சொல்கிறேன், புத்திமதி என்று எடுத்துக்கொண்டாலும் சரி, திட்டு என்று எடுத்துக்கொண்டாலும் சரி. உன் பிள்ளையும் ஒரு நாள் உன் பேச்சை அப்படியே நம்பும், நீயும் அதன் பேச்சை நம்புவாய். அது உன்னை என்ன சொல்லிவைக்கும் என்று எனக்குத் தெரியாது. நீ சொன்னதை மட்டும் அதன் காதில் விழாமல் பார்த்துக்கொள்.

ஞாயிற்றுக்கிழமை வா. காயலான் கடைக்காரரை அழைத்து வராதே, வந்தால் வாசலோடு அனுப்பிவிடுவேன், ஊர் பார்க்கத்தான் அனுப்புவேன். சாக்கை நனைத்து வண்டிக்குள் போட்டுவைத்திருப்பேன். உன் நைனாவை ஸ்டீரிங் முன்னால் உட்காரவைத்து, நீ பக்கத்தில் உட்கார். ஜன்னலை ஏற்று. ப்ளோவரைப் போடாதே. கொஞ்ச நேரத்தில் கண்ணாடியில் உன் கை வரும். அதன் மேல் உன் கையை வைத்துக் காட்டு. பிறகு அவரிடம் என்ன சொல்ல வேண்டுமோ சொல். அதை நான் எழுதித் தர மாட்டேன். பஸ் ஸ்டாப்பில் கத்தியதை நானா எழுதித் தந்தேன்? அவர் கேட்பதை எல்லாம் உட்கார்ந்து கேள், நடுவில் போனை எடுக்காதே. முடிந்ததும் ஆணியில் இருக்கிற சாவியை எடுத்து அவர் கையில் நீயே கொடு. துணி டாஷ்போர்டு மேல் இருக்கும். இத்தனை வருஷமாக அந்தக் கண்ணாடியை நான்தான் துடைத்திருக்கிறேன், உன் கையை நான் துடைக்க மாட்டேன். அதை நீ துடை.

தேவகியையும் கூட்டிக்கொண்டு வா. அவளுக்கு நண்டுக் குழம்பு வைத்திருப்பேன். நீ கிளம்பும்போது, சாப்பிட்டுவிட்டுப் போ என்று நான் சொல்ல மாட்டேன். உன் நைனா சொல்வார்.

அம்மா